கேட்பதும் ஓர் உழைப்பே

"அத்தாவுக்கு வேண்டிய பேச்சு மட்டும் காதில் விழும், வேண்டாதது விழாது!"

அண்மையில் ஆனைக்குட்டத்தில் ஒரு நிக்காஹ் விருந்தில், அறுபதைத் தாண்டிய தம் தகப்பனாரைக் குறித்து ஒரு மகன் இவ்வாறு கூறினார். பந்தியில் இருந்தோர் சிரித்தனர். பெரியவரும் சற்றுத் தாமதித்துச் சிரித்தார். சிவகாசி அச்சகமொன்றின் இயந்திரங்களருகே முப்பது ஆண்டுகள் நின்றவர் அவர்.

இந்த ஏளனம் அநியாயமானது. அப்பெரியவருக்கு ஓசை கேட்கிறது, சொல்தான் கேட்பதில்லை. பேரிரைச்சலாலும் முதுமையாலும் உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் நலியும்போது, பெரும்பாலும் முதலில் மங்குவன உச்ச சுருதி ஒலிகளே. உயிரெழுத்துக்களின் முழக்கம் எஞ்சி நிற்கும். வல்லினத்தின் கூர்மை போய்விடும். 'கடை' என்றார்களா, 'தடை' என்றார்களா, 'படை' என்றார்களா? அமைதியான அறையில் முகம் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம். பந்தி இரைச்சலிலோ, பள்ளிவாசலில் எதிரொலிக்கும் ஒலிபெருக்கியின் முன்னரோ, ஒரு சொல்லை ஊகித்து முடிப்பதற்குள் அடுத்த மூன்று சொற்கள் கடந்துவிடுகின்றன.

இவ்வுழைப்பை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கின்றனர். இரைச்சலில் பேச்சைப் பிரித்தறிய முயல்பவரின் கண்பாவை விரிகிறது. கூடவே வேறொரு சிறு வேலையைக் கொடுத்தால் அதில் தடுமாறுகிறார். சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொன்னவருக்கும் இதே கதிதான். ஆகவே "காதில் விழுந்ததா?" என்பது அரைக் கேள்வி. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதை நாம் கேட்பதேயில்லை. மாலையில் அவர் திண்ணையில் தனித்து அமர்ந்தால், 'வயதான கோபம்' என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

சட்டமும் நம்மைப் போன்றதே. வெடிக்குமிடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் முழங்கும் பட்டாசைச் செய்யவோ விற்கவோ கூடாதென 1999 ஆம் ஆண்டின் விதி வரையறுத்தது. வெடியை இத்தனை நுட்பமாக அளக்கத் தெரிந்தவர்கள் செவியை எப்படி அளக்கிறார்கள்? இரு செவிகளிலும் 60 டெசிபலாவது இழந்தால்தான் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் திரும்பிப் பார்க்கும். உலக சுகாதார நிறுவனமோ 2021 ஆம் ஆண்டு அறிக்கையில் 20 டெசிபலிலிருந்தே இழப்பைக் கணக்கிடத் தொடங்கிவிட்டது. இடையில் கிடப்போர் யார் கணக்கில் சேர்வர்?

"காது மெஷின் வெறுமனே இரைகிறது, வாங்கியவர்களெல்லாம் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்" என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. கருவி பழைய செவியைத் திருப்பித் தராது. கரண்டிச் சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும். ஆனால், பரிசோதனையின்றி வாங்கிய மலிவான ஒலிபெருக்கியையும், அவரவர் இழப்பைச் சுருதிதோறும் அளந்து பொருத்திய கருவியையும் ஒன்றெனப் பேசலாமா? அடுத்தவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியே வீண் என்பது போலன்றோ இது! முன்னாலிருந்து வரும் பேச்சைத் தூக்கிக்காட்டி, பின்னிரைச்சலைத் தணிக்கும் அமைப்பு இன்றைய கருவிகளில் உண்டு. அதற்கும் மூளை பழகச் சில வாரங்களாகும். சிறிதளவு இழந்தோர் அனைவருக்கும் கருவி வேண்டுமென்று நான் வாதிடவில்லை. அளந்து பார்க்காமலே 'ஒன்றுமில்லை' எனத் தீர்ப்பளிப்பதைத்தான் மறுக்கிறேன். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூரத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை.

நாற்பதில் கண்ணாடி அணிந்தால் படித்த களை என்கிறோம். அறுபதில் கருவி அணிந்தால் செவிடர் என்கிறோம். மெய்யான தடை இதுவே.

பந்தி முடிந்ததும் அம்மகனிடம் பரிசோதனை பற்றிச் சொன்னேன். "அந்த அளவுக்கெல்லாம் ஒண்ணுமில்லை அண்ணே" என்றார். அருகில் நின்ற பெரியவர் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு, "என்ன சொல்றான்?" என்று என்னிடம் கேட்டார்.