கடற்கரையில் ஒரு துண்டுக் காணி



"மிஸ், கடற்கரைப் பக்கம் காணி மலிவாக் கிடக்குதாம். வாங்கலாமோ?"

அண்மைக் காலமாக எமது பெண்கள் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்களிற் பலர் 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு எழும்பியவர்கள். மற்றவர்கள் மல்லாகம், சுன்னாகம் முகாம்களிற் பிறந்து வளர்ந்த அவர்களது பிள்ளைகள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது ஒரு பகுதியினர் ஊர் திரும்பினர். ஊரிற் சொந்த வளவு இல்லாதிருந்தவர்களுக்குத் திரும்பிப்போக இடமிருக்கவில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பெருகிவிட்ட குடும்பங்களுக்கு இருந்த ஒரு வளவு போதவில்லை. இப்படியானவர்கள்தான் இன்று வடமராட்சிக் கரையிலும் தீவுப் பகுதியிலும் காணி தேடுகிறார்கள்.

வாங்கலாம் என்பதே எனது பதில். 2012 தொடக்கம் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுபட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். சொந்தக் காணி இல்லாத காரணத்தால் எத்தனை பெண்கள் அப்போது பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்! கையில் ஒரு துண்டுக் காணி இருப்பது பெண்ணுக்குப் பெரிய பலம். ஆனால் முற்பணம் கொடுக்குமுன் பொறுமை வேண்டும். பல தடவை இடம்பெயர்ந்த மனம், இனியாவது ஓரிடத்தில் குந்தியிருப்போம் என்று அவசரப்படும். அந்த அவசரம் தரகருக்கும் தெரியும். "நாளைக்கு வேறை ஆள் காசோடை வருகுது" என்பார்கள். வரட்டும். முப்பது வருடம் பொறுத்த எங்களால் மூன்று மாதம் பொறுக்க முடியும்.

எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் கணவரை இழந்தவர். கருவாடு போட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். தாலிக்கொடியை விற்று, கரையோரத்தில் இரண்டு பரப்புக் காணிக்கு முற்பணம் கொடுத்தார். விற்க வந்தவர் காட்டிய உறுதி பொய்யல்ல. ஆனால் அதன்படி அவருக்கு இருந்தது ஐந்திலொரு பிரிபடாத பங்கு மட்டுமே. மற்றப் பங்காளிகளில் மூவர் வெளிநாட்டில். ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய பிள்ளைகள் எங்கே என்று தெரியவில்லை. கொடுத்த காசுக்குக் கையிலிருந்தது ஒரு கொப்பித் தாளில் எழுதிய துண்டு. ஒரு வருடம் அலைந்த பின் பாதிக் காசுதான் திரும்பியது.

இந்த நட்டம் வராமற் காப்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சில கேள்விகளைக் கேட்கத் தெரிந்தாற் போதும்.

முதலாவது, காணி முழுவதும் விற்பவருக்கே உரியதா? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் அதே விதிதான். ஆகவே முற்பணத்தையும் நொத்தாரிசு மூலமே எழுதிக் கொடுங்கள். அதற்கு முன் அந்தப் பகுதிக்குரிய காணிப் பதிவகத்தில் தேடுதல் எடுக்கச் சொல்லுங்கள். காணி ஈட்டில் இருக்கிறதா, முன்பே வேறொருவருக்கு எழுதப்பட்டதா என்பது அங்கே தெரியவரும். பங்குக் காணியானால் இன்னொன்றும் உண்டு. தேசவழமைப்படி, வெளியாரை விட முந்தி வாங்கும் உரிமை பங்காளிகளுக்கு இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வாங்கினால் பின்னர் வழக்கு வரலாம்.

இரண்டாவது, கையெழுத்து வைப்பவர் யார்? சொந்தக்காரர் இலண்டனிலோ கனடாவிலோ இருக்க, உறவினர் ஒருவர் அற்றோணித் தத்துவத்தைக் காட்டி விற்பது இப்போது வழக்கம். அதில் விற்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். பழைய உறுதிகளையும் விடாமல் வாசியுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனது காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது எங்கிருக்கிறார் என்று தெரியாதிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி பெறலாம் என்றும் சொன்னது. இடையில் ஒரு பெண் விற்ற உறுதியில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது உங்கள் தலையில் வந்து விழும்.

மூன்றாவது, எவ்வளவு காணி? எங்கள் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர்; ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 18 குளி. லாச்சம் என்று எழுதிய உறுதியானால் கவனம். வரகு லாச்சம் 18 குளி, நெல் லாச்சம் 12 குளி. வாய்க்கணக்கை நம்பாமல், நில அளவையாளரைக் கொண்டு அளந்து வரைபடம் எடுங்கள். ஒழுங்கையிலிருந்து வளவுக்குள் போகும் வழியும், பொதுக்கிணறானால் கிணற்றுப் பங்கும் உறுதியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, தண்ணீர். கடற்கரைக் காணி மலிவாக இருப்பதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வந்துவிடும். மார்கழி, தையில் போய்ப் பார்த்தால் எந்தக் கிணறும் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் போய்ப் பாருங்கள். கையால் அள்ளிக் குடித்துப் பாருங்கள். தரகரை விட்டுவிட்டு, அயலில் தண்ணீர் அள்ளும் பெண்களிடம் கேளுங்கள். குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் இடமானால், அந்தச் செலவையும் காணி விலையோடு கூட்டிக் கணக்குப் பாருங்கள்.

ஐந்தாவது, அங்கே வீடு கட்ட விடுவார்களா? 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று வகுத்தது. அதற்குள் கட்டுவதற்கு அனுமதி தேவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்ததும், பின்னர் அதைத் தளர்த்தியதும் மணற்காட்டுப் பக்கத்தவர்களுக்கு நினைவிருக்கும். காணி வாங்கியபின் அலைவதை விட, முன்பே பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் கேட்டுவிடுங்கள். யுத்தம் நடந்த இடமாயின் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, உறுதி யாருடைய பெயரில்? எங்கள் பெண்கள் பலர் தமது காசைக் கொடுத்துவிட்டு, "ஆம்பிளைப் பிள்ளையின்ரை பேரிலை இருக்கட்டும்" என்று மகனுக்கோ தம்பிக்கோ எழுதிவிடுகிறார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் நாளை அவர் விற்க நினைத்தால் உங்களைக் கேட்கத் தேவையில்லை. காசு உங்களுடையதானால் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பின்னர் எழுதலாம்.

கணவர் காணாமற்போன சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய காணி அலுவல்களுக்காக, "இறந்துவிட்டார்" என்று எழுத மனம் வராமல் நீங்கள் திரும்பி வந்ததை நான் அறிவேன். 2016இல் வந்த சட்டத்திருத்தம், அவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே சில அலுவல்களைப் பார்க்க அது உதவும். உங்களது காணி அலுவலுக்கு அது போதுமா என்று சட்ட உதவி வழங்குபவர்களிடம் முதலிற் கேளுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் இன்னும் ஒரு நாள் அந்த ஊரில் நடந்து பாருங்கள். மீன் வாடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யார் இருக்கிறார்கள். ஆண் துணையில்லாத வீட்டுக்கு அயல்தான் வேலி.

முற்பணம் கொடுக்குமுன் உறுதியின் பிரதியொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து, எல்லை எல்லையாக, வரி வரியாக வாசிப்போம்.