ஞாபகம் வைத்தால் வெளியே போ!

விழுந்த சீட்டை ஞாபகம் வைப்பது திறமையா, குற்றமா?

நம் உச்ச நீதிமன்றம் 1967-லேயே பதில் சொல்லிவிட்டது. ரம்மியில் விழுகிற சீட்டுகளை மனசில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. நாகர்கோவில் மனமகிழ் மன்றத்திலிருந்து ஆன்லைன் ரம்மி கம்பெனி வரைக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-லும் 2023-லும் கம்பெனிகளைக் காப்பாற்றியதும் இதே வாதம்தான்.

சரி, நிஜமாகவே திறமையோடு சூதாட்ட விடுதிக்குப் போனால் என்ன நடக்கும்?

பிளாக்ஜாக்கில் பெரிய சீட்டுகள் கட்டில் மிச்சமிருந்தால் ஆடுகிறவருக்குச் சாதகம். அதை எண்ணிக்கொண்டே வந்து, நேரம் பார்த்துப் பந்தயத்தை ஏற்றினால் விடுதியை ஜெயிக்கலாம் என்று எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962-ல் புத்தகமே போட்டார். கருவி கிடையாது, ஏமாற்று கிடையாது. தலைக்குள் கூட்டல் கழித்தல், அவ்வளவுதான். லாஸ் வேகாஸ் என்ன செய்தது? மேனேஜர் வந்து, 'வேறு எது வேண்டுமானாலும் ஆடுங்க சார், இது மட்டும் வேண்டாம்' என்றார். போட்டோக்கள் விடுதிக்கு விடுதி கை மாறின. அட்லாண்டிக் சிட்டியில் வெளியே தள்ளப்பட்ட கென் உஸ்டன் கோர்ட்டுக்குப் போனார். எண்ணுகிறார் என்பதற்காக விடுதி தன்னிஷ்டத்துக்கு ஆளைத் தடுக்கக்கூடாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-ல் சொன்னது. அசந்தார்களா? கட்டுகளைக் கூட்டினார்கள், பாதியிலேயே கலைத்துப் போட்டார்கள்.

எங்க ஊர் கனகமூலம் சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற அம்மா உண்டு. கடைக்காரர் முணுமுணுப்பார். ஆனால், 'இந்தம்மாவை உள்ளே விடாதீங்க' என்று போட்டோ ஒட்டமாட்டார். ஏனென்றால் அவர் விற்பது வெண்டைக்காய். சூதாட்ட விடுதி விற்பது உங்கள் தோல்வியை.

'ரம்மி கம்பெனி யாரையும் துரத்தவில்லையே?' என்பீர்கள். எதுக்குத் துரத்தணும்? அங்கே நீங்கள் மோதுவது கம்பெனியோடு அல்ல, இன்னொரு ஏமாளியோடு. யார் ஜெயித்தாலும் கமிஷன் நிச்சயம். நூற்றுக்குப் பத்து என்றே வைத்துக்கொள்வோம். அதே பணம் ஏழு ஆட்டம் சுற்றினால் பாதிக்கு மேல் கம்பெனி கல்லாவில்! அந்த 1967 தீர்ப்பிலேயே இன்னொரு வரியும் உண்டு: ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம். தாயத்தில் அந்த வரியை மட்டும் மடித்து வைத்துவிட்டார்கள்.

களியக்காவிளை தாண்டி நம் ஆட்கள் வாங்குகிற கேரள லாட்டரி தேவலாம். அது அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொண்டே காசு வாங்குகிறது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு, திறமையோ அதிர்ஷ்டமோ, எல்லாவற்றுக்கும் தடை என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நல்லது. ஆனால் கோவாவில் மாண்டோவி ஆற்றுக் கப்பல்கள் அதில் வராது. நாளைக்கே எவராவது மறுபடி 'திறமை' என்று கோர்ட்டில் சத்தியம் செய்தால், பி.காம். படித்தவனாக நான் கேட்பது ஒரே ஒரு ஐந்தொகை: வருஷத்தில் எத்தனை பேர் பணம் போட்டார்கள், எத்தனை பேர் லாபத்தோடு எழுந்து போனார்கள், நீங்கள் எடுத்தது எவ்வளவு?

அந்தக் கணக்கை விளம்பரத்தில் நடிகர் படத்துக்குப் பக்கத்திலேயே அச்சடியுங்கள். அப்புறம் பேசலாம் திறமையைப் பற்றி.