எழுத்தைப் படி! இல்லாவிட்டால் ராட்சத மிருகம் தின்றுவிடும்!

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே முகம் சுளிக்கிற பெற்றோர் உண்டு. "பிள்ளைகளின் படிப்பு கெட்டுப்போகிறது" என்பது அவர்கள் புகார்.

எல்லா விளையாட்டும் படிப்பைக் கெடுக்குமா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படிக்கவைத்த விளையாட்டும் உண்டு.

இங்கிலாந்தில் 1981-ம் ஆண்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. பெயர், இசட்.எக்ஸ்.81. விலை சுமார் 70 பவுண்டு. வீட்டு டெலிவிஷனோடு அதை இணைத்துக்கொள்ள வேண்டும். வர்ணம் கிடையாது. சத்தமும் கிடையாது.

அந்த ஊமைப் பெட்டிக்காக மால்கம் ஈவன்ஸ் என்பவர் ஒரு விளையாட்டை எழுதினார். 1982-ல் வெளிவந்தது. "3டி மான்ஸ்டர் மேஸ்" என்று பெயர்.

துரத்தும் ரெக்ஸ்

சுற்றிச் சுற்றிப் போகும் சந்துகள். இரு பக்கமும் சுவர். நடுவில் நீங்கள்!

உள்ளே இன்னொன்றும் உலாவுகிறது. அதுதான் ரெக்ஸ். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியில் வாழ்ந்து மடிந்த டைரனோசரஸ் இனத்து மிருகம். அதன் வாயில் விழாமல் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணுக்கு நேரே இருப்பது மட்டுமே திரையில் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன? தெரியாது!

காலடிச் சத்தம் கேட்குமா? பெட்டிதான் ஊமையாயிற்றே!

ஈவன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? திரையின் அடியில் ஒரு வரி எழுத்தைப் போட்டார். ரெக்ஸ் உன்னைத் தேடுகிறது என்று வரும். காலடி நெருங்குகிறது என்று வரும். பிறகு, பார்த்துவிட்டது, ஓடு என்று வரும்.

வரியைப் படித்தால் பிழைக்கலாம். படிக்காமல் விட்டால்? பல் நிறைந்த வாய் திரை முழுவதும் விரியும்!

எந்த வாத்தியார் பிரம்பைக் காட்டி இவ்வளவு வேகமாகப் படிக்கவைத்தார்?

இத்தனைக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் நினைவில் ஆயிரம் எழுத்துக்குத்தான் இடம். இந்த விளையாட்டுக்கு 16 ஆயிரம் வேண்டும். அதற்காக முதுகில் தனியாக ஒரு பெட்டியைச் செருகினார்கள். அது லேசாக ஆடினாலும் போச்சு, எல்லாம் அழிந்துவிடும்! மறுபடியும் கேசட்டைப் போட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்றைய விளையாட்டுகளில் இடி முழங்குகிறது, ரத்தம் தெறிக்கிறது. வாங்கித் தரும்போது பெற்றோர் பார்ப்பது என்ன? பெரும்பாலும் விலையைத்தான். பிள்ளை படிக்க அதில் ஒரு வரியாவது உண்டா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

ரெக்ஸிடம் அகப்பட்டவருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லையே. என்றென்றும் அந்தச் சந்துகளிலேயே அலைய வேண்டும்! மேல் முறையீட்டுக்கும் இடம் உண்டு. அந்த அறிவிப்பும் எழுத்தில்தான் வரும்.