கிணற்றடியில் மூச்சு கொடுக்க ஆள் வேண்டும்

பிள்ளை திடீரென்று இறந்தால் ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடுகிறோம், பத்திரிகைகளான நாங்களும்தான். இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவது பெரியவர்களின் நோய். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலில் மூச்சு நிற்கிறது, அதன்பிறகே இதயம் நிற்கிறது. கிணற்றுத் தண்ணீர், தொண்டையில் சிக்கிய கடலை, முற்றிய நிமோனியா, தரையில் தூங்கும்போது கடிக்கும் கட்டுவிரியன் எல்லாம் செய்வது இதைத்தான். பிறவிக் கோளாற்றாலோ இதயத் தசை நோயாலோ சுருண்டு விழும் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் குறைவு.

தேனி மாவட்டம் கடமலைக்குண்டு பக்கம் கோடையில் பெற்றோர் இலவங்காய் பறிக்கவும் தோட்ட வேலைக்கும் போய்விட, பிள்ளைகள் கிணற்றுக்குப் போகிறார்கள். மூழ்கிய பிள்ளையைத் தூக்கியதும் என்ன செய்கிறோம்? தோளில் கவிழ்த்துப் போட்டுச் சுற்றுகிறோம், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறோம். பாசத்தோடு செய்கிற தவறு அது. பிள்ளைக்குத் தேவை காற்று. மூச்சும் நாடித் துடிப்பும் நின்றுபோனால் 4 முதல் 6 நிமிடத்தில் மூளை சிதையத் தொடங்கும். 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ் எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் வருசநாட்டு மலையடிவாரக் குடிசைக்கு எந்த வண்டியும் ஐந்து நிமிடத்தில் வராது, க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் தூரம்.

அந்த ஐந்து நிமிடமும் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, நெஞ்சு எழும்பும்படி வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நடுநெஞ்சை மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், 30 முறை அழுத்தி 2 முறை ஊத வேண்டும். நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்பது பெரியவர்களுக்குச் சொன்னது. ஜப்பானில் 2005 முதல் 2007 வரை நடந்த ஆய்வில், இதய நோய் அல்லாத காரணத்தால் இதயம் நின்ற பிள்ளைகளில் மூச்சும் கொடுக்கப்பட்டவர்கள் 100க்கு 7 பேர் மூளை பழுதில்லாமல் மீண்டார்கள். அழுத்தம் மட்டும் பெற்றவர்களில் 2 பேர்கூட இல்லை. கட்டுவிரியன் கடியில் இன்னும் நம்பிக்கை உண்டு. விஷம் மூச்சுத் தசையை முடக்குகிறது. செயற்கை சுவாசக் கருவி கிடைக்கும்வரை யாராவது ஊதிக்கொண்டே வந்தால் பிள்ளை முழுதாக எழுந்துவிட முடியும்.

டென்மார்க் 2005இல் இந்த முதலுதவியைப் பள்ளியில் கட்டாயமாக்கியது. இதயம் நின்று விழுந்தவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலுதவி செய்வது அங்கே 2001இல் 100க்கு 21 ஆக இருந்தது. 2010இல் 45 ஆனது. எல்லா வயதினரையும் சேர்த்து, பிழைத்தவர்கள் மூன்று மடங்கு ஆனார்கள். பள்ளிப் பயிற்சி மட்டுமே காரணமல்ல என்றாலும் அதற்குப் பங்கு உண்டு.

நம் கடமலை-மயிலை ஒன்றியத்திலும் ஒன்பதாம் வகுப்புக்கு மேலுள்ள ஒவ்வொரு மாணவரும், ஒவ்வொரு ஆசிரியரும் பயிற்சிப் பொம்மையை அழுத்தி, ஊதிப் பழக வேண்டும். கற்றுக்கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் கிணற்றுக்குப் போகுமுன் அந்த வகுப்பு நடக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் இப்போதே தேதி குறிக்கட்டும்.