முதற்காசு செசிக்குப் போகட்டும்

மன்னார் தீவில் பழைய டபிள் கெப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கப் போகிற எவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கையிலிருக்கும் காசில் முதற்பங்கு வாகனத்தின் அடிக்குப் போகட்டும். அந்த அடியை வெட்டி ஒட்டத் தெரிந்தவருக்குக் கூலியாகப் போகட்டும். பெயின்ற், பெரிய ரயர், கூரையில் பூட்டும் லைற் எல்லாவற்றையும் மிச்சக் காசில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கரையில் நடப்பது இதற்கு நேர்மாறு. புதுப் பெயின்றோடு பளபளத்து நிற்கும் கெப்புக்கு அடியில் படுத்து, செசியை ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். சிலவற்றில் அது பிடி வரைக்கும் உள்ளே இறங்கும்.

நான் பேசாலையில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவள். அப்பாவுக்குப் பிறகு தொழில் என் கைக்கு வந்தது. வாடி வாடியாகப் போய்ச் சரக்கு ஏற்ற வேண்டும். ஏ14 வீதி தலைமன்னார் வரைக்கும் நன்றாகத்தான் கிடக்கிறது; வீதியை விட்டு இறங்கிய பிறகுதான் சிக்கல். கடற்கரை மணலில் சாதாரண லொறி அச்சு வரைக்கும் புதையும். நான்கு சில்லும் இழுக்கிற வாகனம் எனக்கு ஆடம்பரம் அல்ல, தொழிற்கருவி.

புதிது வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் டீசலே கிடைக்காத 2022ஐயும் கடந்து வந்தோம்; அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபா. இப்போது இறக்குமதி திறந்திருந்தாலும் வரிக்கு மேல் வரி ஏறி, புதிய டபிள் கெப்பின் விலையைக் கோடியில்தான் சொல்கிறார்கள். கருவாட்டில் அந்தக் காசு மீளாது. எனக்கு மட்டுமல்ல, இந்தக் கரையில் மீன் ஏற்றுகிறவர், படகு எஞ்சின் கொண்டு போகிறவர், வயலுக்கு உரம் இழுக்கிறவர் எல்லோருக்கும் கணக்கு இதுதான். ஆகவே பழைய வாகனத்தைச் சீர்செய்வது எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல.

நான் வாங்கியது டொயோட்டா ஹைலக்ஸ், எல்.என்.106. 1988இல் வெளிவந்த தலைமுறை. 90களின் பிற்பகுதி வரை செய்தார்கள். 2779 சிசி டீசல் எஞ்சின். ரேபோ இல்லை, கம்பியூட்டர் இல்லை. டீசலை அளந்து அனுப்புவது முழுக்க இயந்திரப் பம்ப். ரைமிங் பெல்ற்றை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றி, றேடியேற்றரைச் சுத்தமாக வைத்திருந்தால் அது உழைத்துக்கொண்டே இருக்கும். முன்னச்சும் பின்னச்சைப் போல ஒரே துண்டு இரும்பு, ஸ்பிறிங் பிளேற்றின் மேல் நிற்கிறது. எந்த ஊர்க் கராஜிலும் கழற்றிப் பூட்டலாம்.

வாங்க வருகிறவர்கள் பொனற்றைத் தூக்கி எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், புகையைப் பார்க்கிறார்கள், முடிவு எடுக்கிறார்கள். எஞ்சின் போனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்னொன்று தேடி எடுக்கலாம். கியர்பொக்ஸும் அங்கே கிடைக்கும். செசி போனால் வாகனமே போய்விட்டது. செசி இலக்கம் அந்த இரும்பில்தான் கொத்தப்பட்டிருக்கிறது, சி.ஆர். புத்தகத்தில் இருப்பதும் அந்த இலக்கம்தான். இரண்டும் பொருந்தாத வாகனத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடக் கூடாது. உரிமை மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த வாகனங்களில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இனி உப்புக்கு வருகிறேன். எங்கள் தீவு நீளமாகக் கிடக்கும் மணல் நிலம். வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் உப்பு, சோளகம் அடித்தாலும் உப்பு. தெற்குக் கரையில் 30 காற்றாலைகளை நிறுத்தி 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ திட்டத்தை அமைத்தது இந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்று மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வந்து வாகனத்தின் ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் செலுத்துகிறது.

செசியின் இரண்டு நீளச் சட்டங்களும் உள்ளே வெறுமையாக, நாற்புறமும் தகட்டால் மூடப்பட்டவை. ஆங்காங்கே துவாரங்கள் இருக்கும். அவற்றால் மணலும் கடல்நீரும் உள்ளே போகும். போனது வெளியே வராது. பின்னச்சுக்கு மேலே சட்டம் வளையும் இடத்திலும் ஸ்பிறிங் பிளேற் கொளுவியிருக்கும் இடத்திலும் அது தேங்கும். உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழையே இல்லாத ஓகஸ்ட்டிலும் உள்ளே காயாது. துருப்பிடிப்பது மின்வேதி முறையில் நடக்கிற விடயம். உப்புக் கரைந்த ஈரம் மின்னை நன்றாகக் கடத்துவதால், வவுனியாவில் பல வருடம் எடுக்கிற துரு இங்கே விரைவிலேயே தகட்டைத் தின்றுவிடுகிறது. அதுவும் உள்ளிருந்து வெளியே. கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

என் கெப்பைக் கராஜ் குழிக்கு மேல் நிறுத்தியதும், அங்கே இருந்த மூத்த மெக்கானிக் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து முன்னிருந்து பின்னாகச் செசியைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு ‘டங்’ என்றது. பின்னச்சை நெருங்க, ‘டப்’. அந்த இடத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டார். “பிள்ளை, மேல பார்த்தது காணும், இதைப் பார்” என்றார். முன்பு வைத்திருந்தவர் அடித்த கறுப்புப் பூச்சு அந்த இடத்தில் அழகாகத்தான் இருந்தது. கிறைண்டரால் வெட்டித் திறந்தபோது உள்ளேயிருந்து கடல்மணல் கொட்டியது, சிப்பித் துண்டுகளோடு. துருவின் செதில்கள் விரலால் உரிக்க உரிக்க வந்தன.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்துச் சுற்றிவர ஒட்டிவிடலாம். ஒரு பின்னேரத்தில் முடியும், மலிவு. உள்ளே துரு அப்படியே இருந்து புதுத் தகட்டையும் தின்னும். மற்றது, நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே தடிப்பில் தகடு வெட்டி வைத்து ஒட்டுவது. தகட்டின் ஓரங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். வெல்டிங் கோடு சட்டத்துக்குக் குறுக்கே நேராக ஓடினால், பாரம் ஏறி இறங்கும்போது வளைவு முழுவதும் அந்த ஒரே கோட்டில் விழுந்து அதிலேயே வெடிக்கும். பற்றறியைக் கழற்ற வேண்டும், டீசல் தாங்கியை இறக்கி வைக்க வேண்டும். முடிந்ததும் வெளியே துத்தநாகம் கலந்த முதற்பூச்சு, உள்ளே குழாய் விட்டு மெழுகு. தண்ணீர் வடியும் துவாரங்களை அடைக்கவே கூடாது. இவ்வளவும் நாட்கணக்கான வேலை. மூத்தவரும் அவரோடு நின்ற பொடியனும் செய்தார்கள். நான் கொடுத்த காசில் அதைவிடப் பெறுமதியான செலவு வேறு இல்லை.

கழிவு ஒயிலை அடியில் விசிறிவிடும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். றப்பர் புஷ்கள் ஊறிப் பழுதாகும். அடுத்த தடவை கரைக்கு இறங்கும்போது அந்த ஒயில் மணலில் சொட்டும், அங்கிருந்து கடலுக்குப் போகும். நாங்கள் சோறு தின்பது அந்தக் கடலில். கழுவுகிற தண்ணீரிலும் கவனம் வேண்டும். தீவில் பல கிணறுகள் சவர். சவர்த் தண்ணீரால் கழுவுவது உப்பை இன்னொரு முறை பூசுவதுதான். நான் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, கரைக்குப் போய் வந்த அன்றே அடியைக் கழுவுகிறேன்.

இது பழைய வாகனத்துக்கும் ஏழை நாட்டுக்கும் மட்டும் உரிய பிரச்சினை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் பனிக்காலத்தில் வீதிகளுக்கு உப்புத் தூவுகிறார்கள். அங்கே விற்ற டகோமா உள்ளிட்ட வாகனங்களின் செசி துருப்பிடித்தது தொடர்பான வழக்கில், 2016இல் டொயோட்டா நிறுவனம் 340 கோடி டொலர் வரை பெறுமதியான இணக்கத்துக்கு வந்தது. சுமார் 15 இலட்சம் வாகனங்கள் அதில் அடங்கின. 1948இல் வந்த லேண்ட் றோவருக்கு உடல் அலுமினியத் தகடு. ஆனாலும் செசி இரும்புதான் என்பதால், இங்கிலாந்தில் துத்தநாகத்தில் தோய்த்த புதுச் செசி வாங்கிப் பழைய உடலை அதன்மேல் ஏற்றுகிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. எங்களிடம் இருப்பது வெல்டிங் தெரிந்த மனிதர்கள்.

முன்னச்சைப் பற்றிச் சுருக்கமாக. சில்லுத் திரும்பும் மூட்டின் சீல் தேய்ந்தால் கியர் ஒயிலும் கிறீஸும் கலந்து கறுத்த கூழாகச் சில்லின் உட்புறம் வடியும். மணல் அதில் ஒட்டி மூட்டை அரைத்துவிடும். சீல் மலிவு, மூட்டு விலை. முன் ஹப்பைக் கையால் பூட்டி நான்கு சில்லையும் இழுக்க வைப்பது மணலுக்கும் சேற்றுக்கும் மட்டும். தார் வீதியில் அப்படி ஓட்டினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். இன்னொன்று: வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம். நான்கு சில்லும் இழுக்கிறது என்பதற்காகப் பறவைகள் மேய்கிற சேற்றில் ஓடிப் பார்க்கிற பொடியன்களைத் தட்டிக்கேட்க வேண்டியது பெரியவர்கள்தான்.

பழைய டீசலுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமானது புகை. 2003 ஒக்ரோபரில் தோக்கியோ மாநகரம், புகைத்துகள் வரம்பை மீறும் டீசல் லொறிகளும் பஸ்களும் தன் எல்லைக்குள் ஓடுவதைத் தடுத்தது. ஜப்பானின் பெருநகரங்களில் இப்படிச் சட்டம் இறுக இறுக, அங்கே ஓட முடியாத டீசல் வாகனங்கள் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போயின. 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. பழையதை வைத்திருப்பேன் என்று சொல்கிறவருக்கு அந்தப் புகையைக் குறைக்கும் கடமையும் உண்டு. கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது உள்ளே கசியும் தண்ணீர். பம்பையும் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி வவுனியாவுக்கு அனுப்பி அளவு பார்த்து எடுத்தேன். கறுப்புப் புகை போனது, டீசலும் மிச்சம். புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் பம்பின் திருகைக் குறைத்து, சான்றிதழ் கிடைத்ததும் கூட்டிவிடுகிற பழக்கம் எனக்குப் பொறுக்காது. பின்னால் சைக்கிளில் வருகிற பள்ளிப் பிள்ளை அதைச் சுவாசிக்கிறது.

கூலிக்கு வருகிறேன். உதிரிப்பாகக் கடையில் பில்லை நீட்டினால் முணுமுணுத்துக்கொண்டாவது கட்டுகிறோம். கராஜில் கூலி என்றதும், “அண்ணை, கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ” என்று தொடங்குகிறோம். என் கெப்பின் செசியை ஒட்டியவர் தொழில் பழகியது 90களில், வன்னியில். எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைப்பட்டிருந்த காலம். சில துளி பெற்றோலில் ஸ்ராற் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை வடக்கெங்கும் ஓட வைத்த தலைமுறை அது. இல்லாத சாமானைத் தாமே கடைந்து செய்தார்கள். அந்த அறிவுக்கு அவரிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. அவரிடம் நிற்கிற பொடியனிடமும் கிடையாது. அவன் கட்டாருக்குப் போக ஏஜென்சியில் பெயர் கொடுத்திருக்கிறான்.

தேசிய தொழிற் தகைமைத் திட்டத்தில், வகுப்புக்குப் போகாமல் வேலைத்தலத்தில் கற்றவர்களின் திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. கராஜை ஒரு நாள் பூட்டினால் அன்றைய உழைப்பு இல்லை என்கிற மனிதர் அதைத் தேடி அலைய மாட்டார். மதிப்பிடுகிறவர்கள்தான் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் சிலாவத்துறைக்கும் வர வேண்டும். சான்றிதழ் கொடுத்தால் பொடியன் கட்டாயம் வெளிநாடு போவான் என்று சிலர் தடுக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமலும் போகத்தான் போகிறான், அங்கே கூலியாளாக. சான்றிதழ் இருந்தால் இங்கே வங்கியில் கடன் கேட்கவும், தன் வேலைக்கு விலை சொல்லவும் அவனுக்கு ஒரு பிடிமானம் இருக்கும்.

அடுத்ததாக, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும்போது என்னிடம் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கிறார்கள். என் கெப்பின் அடியை எவரும் பார்த்ததில்லை. கரையோர மாவட்டங்களில் 20 வருடம் கடந்த வாகனங்களுக்கு அடிப்பகுதிப் பரிசோதனையையும் மாகாணசபை சேர்க்க வேண்டும். தகைமை பெற்ற உள்ளூர் மெக்கானிக்குகளையே அதற்கு அங்கீகரிக்கலாம். முதல் வருடம் தண்டம் வேண்டாம், குறை எங்கே என்று எழுதிக் கொடுத்தால் போதும். புதுக் கட்டடமும் தேவையில்லை. வீதியோரக் கராஜ்களில் குழி ஏற்கெனவே வெட்டிக் கிடக்கிறது.