சாட்சி பிறழலாம், கோப்பின் தேதி பிறழலாமா?

போன மாதம் எங்கள் சர்வரை மாற்றினோம். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காந்திபுரத்தில் ஒரு வாடகை அறை, ஒரு பழைய கணினி, அதில் நெக்ஸ்ட்கிளவுட் என்கிற கட்டற்ற மென்பொருள். கொங்குப் பகுதியில் நடந்த சாதி வன்கொடுமைகள் குறித்துத் தோழர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்கள், வாக்குமூலங்கள், முதல் தகவல் அறிக்கைகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஹார்டு டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியதும் புதுக் கணினிக்கு மாற முடிவெடுத்தோம்.

நகலெடுத்தது நான்தான். ஒரே ராத்திரியில் வேலை முடிந்தது. மறுநாள் திறந்து பார்த்த தோழர் கேட்டார்: "என்னங்க தோழர், நடூர்ப் படமெல்லாம் நேத்து எடுத்ததாட்டக் காட்டுதுங்களே?"

மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து தலித் மக்கள் 17 பேர் செத்தது 2019 டிசம்பர் 2. எங்கள் சர்வரில் அது நேற்றைய சங்கதி ஆகிவிட்டது. பழைய தேதியைக் காப்பாற்றச் சொல்லும் ஓர் எழுத்தைக் கட்டளையில் விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் எடுத்த நாள், நேரம் போன்ற உள்விவரம் அழிந்துபோயிருக்கும். அவை எப்போது நம் கைக்கு வந்தன என்பதற்குக் கோப்பின் தேதிதான் தடயம். பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம்.

இது கணினிக்காரர் கவலை என்று ஒதுக்க முடியாது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்ததில் அந்தப் பதிவுக்குப் பெரும் பங்குண்டு.

இங்கே நிலமும் தறியும் குடியிருக்கும் வீடும் யார் கையில் இருக்கின்றன? சாட்சி ஏன் பிறழ்கிறார் என்பதற்கு அதிலேயே பதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவைக் காப்பது நம் பொறுப்பு.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும்.

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தோம். யாரும் எதையும் ஏற்றாதபடி தளத்தை நிறுத்தினோம். ஒவ்வொரு கோப்பின் தேதியையும் ஹாஷையும் பட்டியலிட்டோம். தரவுத்தளத்தைத் தனியாக எடுத்தோம். நகலெடுத்தபின் இரண்டு பக்கப் பட்டியலையும் ஒப்பிட்டோம். புதியதில் எல்லாம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே தளத்தைத் திறந்தோம். 2019இல் மைஸ்பேஸ் நிறுவனம், சர்வர் மாற்றத்தில் பல ஆண்டுப் பாடல்கள் தொலைந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. நடூர்க் குடும்பங்களிடம் நாம் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

என் உண்மையான தவறு விட்டுப்போன அந்த எழுத்து அல்ல. கட்டளையும் பாஸ்வேர்டும் என் ஒருவன் தலைக்குள் மட்டும் இருந்ததுதான். ஒருவன் ஓதுவான், மற்றவர் கேட்கவும் கூடாது என்ற ஏற்பாட்டை எதிர்த்து வந்த இயக்கத்துக்குள், சர்வர் அறையில் அதையே நான் நடத்திக்கொண்டிருந்தேன். இந்த முறை பக்கத்தில் இரண்டு தோழர்கள் அமர்ந்து ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாற்றத்தை அவர்கள் செய்வார்கள்; நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் அமைப்பின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும், தோழர்களே?