வழியில் நின்றால் யார் வருவார்?

நெடுந்தூரம் பைக்கில் போகிறவர்களை வண்டியைப் பார்த்தே வகை பிரித்துவிடுகிறோம். புல்லட் என்றால் நிதானக்காரர், கேடிஎம் என்றால் வேகப் பிரியர், பிஎம்டபிள்யூ என்றால் வசதிக்காரர். வண்டி விற்பவர்களும் இதையே விளம்பரமாக்குகிறார்கள். குணத்துக்கேற்ற வண்டி என்பது பாதி உண்மைதான். வழியில் வண்டி நின்றுவிட்டால் யார் வருவார், ஸ்பேர் எங்கே கிடைக்கும், சரிவில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க முடியுமா? இவற்றுக்கு ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பதில்தான் அதற்கான ஆட்களைச் சேர்க்கிறது.

புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். எல்லைக் காவலுக்கு ராணுவம் கொடுத்த ஆர்டரின் தொடர்ச்சியாக, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான அந்த வண்டி அரை நூற்றாண்டு வரை பெரிதாக மாறவில்லை. வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர். கிக்கரை உதைக்கும் முன் ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து டீகம்ப்ரசரை அமுக்க வேண்டும். ஆயில் கசியும், நட்டு கழலும். ஆனால் மாறாமல் இருந்ததாலேயே ஊருக்கு ஊர் ஒரு புல்லட் மெக்கானிக் உருவானார். பெட்டியில் நாலு ஸ்பானர், ஒரு க்ளட்ச் கேபிள், ஒரு ஸ்பார்க் பிளக் இருந்தால் ஓட்டுபவரே பாதி வேலையைப் பார்த்துவிடலாம். புல்லட்காரரின் நிதானம் பிறவிக் குணமல்ல, அந்த வண்டி பழக்கியது. அவர்கள் கூட்டமாகப் போவதும் அப்படி வந்ததுதான். ஒரு வண்டி நின்றால் பத்து வண்டி நிற்கும், பத்துப் பேரில் ஒருவருக்காவது கார்புரேட்டரைக் கழற்றத் தெரிந்திருக்கும்.

பிஎம்டபிள்யூவின் வாக்குறுதி நேரெதிர்: வண்டி நிற்கவே நிற்காது. 1980-ல் வந்த அதன் ஆர் 80 ஜி/எஸ், மறு ஆண்டே பாரிஸ்–டாக்கர் பாலைவனப் பந்தயத்தை வென்றது. 2004-ல் நடிகர் இவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து சைபீரியா வழியாக நியூயார்க் போன பயணம் தொலைக்காட்சித் தொடரானபோது, நெடும்பயணம் என்றாலே பெட்டிகள் பூட்டிய பெரிய ஜிஎஸ்தான் என்று உலகமே நம்பத் தொடங்கியது. அதே பயணத்தில் மங்கோலியாவில் ஒளிப்பதிவாளரின் பிஎம்டபிள்யூ பழுதாகிப்போக, அவர் அங்கேயே வாங்கிய ஒரு சாதாரண ருஷ்ய வண்டியில் ஏறிக்கொண்டதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்தத் தொடர் எனக்குத் தந்த மிகப் பெரிய பாடம் அதுதான்.

கேடிஎம்மோ ஓட்டுபவரையே சோதிக்கிறது. 2001 முதல் 2019 வரை டாக்கரில் தொடர்ந்து 18 முறை வென்ற பெயர் அது. 2015-ல் டாக்கரை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் ஓட்டியதும் கேடிஎம்தான். அந்தப் பெருமையை நம்பி 390 அட்வென்ச்சர் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை. அதில் தவறில்லை. ஆனால் பந்தயத்துக்கென வரைந்த உயரத்தை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

என்னை உறுத்துவது இந்த உயரம்தான். 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டின் முதல் ஹிமாலயனில் இருக்கையின் உயரம் 800 மில்லிமீட்டர். 2023-ல் வந்த 450 சிசி ஹிமாலயனில் அது 825. ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்ஸில் 835. 2020-ல் வந்த 390 அட்வென்ச்சரில் 855. கேட்டால் ஐந்தரை சென்டிமீட்டர் வித்தியாசம்தான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மேலே பேருந்து திரும்புவதற்காகச் சரிவில் நிற்கும்போது, கால் எட்டாதவருக்கு அந்த ஐந்தரை சென்டிமீட்டர் மிகவும் பெரிது. கிட்டத்தட்ட 200 கிலோ எடை ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்த முடியாது. இந்த வண்டிகளில் பெண்களை அரிதாகவே பார்க்கிறோம் என்றால், அவர்களுக்கு ஆர்வமில்லை என்று அர்த்தமில்லை. இருக்கையின் உயரமே பலரைக் கடை வாசலில் திருப்பி அனுப்பிவிடுகிறது. குள்ளமான ஆண்களுக்கும் இதே கதைதான்.

வரியும் ஆட்களைப் பிரிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 40 சதவீதம். 350 சிசி வாங்கியவரை எளிமை விரும்பி என்று விவரிப்பதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நிறுவனமே போய்விட்டால்? 2020-ல் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கியவர்கள் இனி சர்வீஸுக்கு எங்கே போவது என்று தவித்தார்கள். ஹீரோ நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகே பதில் கிடைத்தது. அதுவரை அவர்களைத் தாங்கிப் பிடித்தது நிறுவனமல்ல, சேர்ந்து ஓட்டிய நண்பர்கள் கூட்டம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன், முழு டேங்க் பெட்ரோலோடு வண்டியில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது, க்ளட்ச் லீவர் உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுவனங்களுக்கும் ஒன்று: சென்னையிலும் ஓசூரிலும் இந்த வண்டிகளைப் பூட்டும் கைகள் நம் ஊர்க் கைகள். அந்தக் கைகளுக்குரியவர்கள் ஏறி உட்கார்ந்தால் கால் எட்டும்படி, தாழ்ந்த இருக்கையைக் கூடுதல் விலையில்லாமல் கொடுங்கள்.